முனிரத்னம்மாவின் மண் மேல் போட்ட பழி

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நம் பள்ளிக்கூடத்து மலரில் வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் எழுதும் பக்கங்களை வருடா வருடம் படிக்கிறேன். துபாய், சிங்கப்பூர் என்று கடல் தாண்டியவர்கள் எழுதும் இடம் அது. நான் அவ்வளவு தூரம் போனவன் இல்லை. கமுதியில் ஏறி, மதுரையில் பஸ் மாறி, விடிந்து இறங்கினால் ஓசூர். கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். என்னிடம் பாஸ்போர்ட் கூடக் கிடையாது. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

மலர்க் குழுவிலிருந்து போன் செய்த தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் விடவில்லை. "இந்த வருசத்தோட ஊரை விட்டுப் போயி இருபத்தஞ்சு வருசம் ஆகுதுல்லண்ணே. அதுவும் புலம்பெயர்ந்ததுதான். அங்கிட்டு எல்லாருக்கும் தோட்டத்துக்கு யோசனை சொல்றீகளாமே, அதை எழுதுங்க. படிக்க நல்லா இருக்கும்" என்றார்.

அவர் கேட்டது நல்ல செய்தி. போன மாதம் வரை கேட்டிருந்தால் அப்படியே எழுதிக் கொடுத்திருப்பேன். இப்போது எழுத உட்கார்ந்தால் வேறு ஒன்றுதான் வருகிறது. அதையே எழுதுகிறேன். பிரசுரிக்க வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

2

நான் வேலை செய்வது வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில். சோதனைப் பிரிவு. மேஜைக்கு வரும் ஒவ்வொரு துண்டையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் சிவப்புத் தொட்டி, இல்லையென்றால் பச்சைத் தொட்டி. பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. அதனாலேயே இத்தனை வருடம் நீடித்தேன் என்று என் மனைவி பஞ்சவர்ணம் சொல்வாள்.

குடியிருப்பது பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு லேஅவுட்டில், வாடகை வீட்டில். இடது பக்கத்து வீட்டில் கன்னடம், வலது பக்கத்து வீட்டில் தெலுங்கு. எதிர்வீடு சேலம். எனக்குக் கன்னடம் இன்னமும் சரியாக வராது. நீரு, மண்ணு, ஸொல்ப, பேடா, நாளெ. தண்ணீர், மண், கொஞ்சம், வேண்டாம், நாளைக்கு. இந்த ஐந்து சொற்களை வைத்துக்கொண்டுதான் கன்னடக்காரர் வீட்டுச் செடிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தேன். பெரியவர்களிடம் பேசும்போது மரியாதை விகுதியை விட்டுவிடுவேன். அவர்கள் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்வார்கள்.

எங்கள் ஒரே மகன் தினேஷ் நான்கு மொழியும் பேசுவான். பெங்களூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வருவான். சாப்பிடும்போதே போனில் கன்னடத்தில் பேசிச் சிரிப்பான். என்ன சிரிப்பு என்று கேட்டால், "உங்களுக்குப் புரியாதுப்பா, விடுங்க" என்பான். கோபமாகச் சொல்வதில்லை. உண்மையைத்தான் சொல்கிறான். கமுதிக்குக் கூப்பிட்டால் அங்கே தனக்கு யாரைத் தெரியும் என்று கேட்கிறான். அதுவும் உண்மைதான்.

தோட்ட வேலை எனக்குத் தானாக வந்து சேர்ந்தது. மாடியில் நாலு பையில் கத்திரி, கொத்தவரை போட்டேன். நாற்று வாங்கப் போன இடத்தில்தான் முனிரத்னம்மாவைப் பார்த்தேன்.

ரோட்டோரம் பச்சை வலை கட்டி, அதன் நிழலில் நாற்றுத் தட்டுகளை அடுக்கி வைத்திருப்பார். ராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு, வாடிக்கையாளரிடம் கன்னடம், என்னிடம் ஓசூர்த் தமிழ். செம்மண், தொழு உரம், தேங்காய் நார்த்தூள் மூன்றையும் தானே கலந்து மூட்டையாகக் கட்டி விற்பார். வயதில் என்னைவிட நாலைந்து வருடம் இளையவர். கணவர் இல்லை. அந்த வலைப் பந்தல்தான் அவருக்கு எல்லாம்.

ஒருநாள் யாரோ ஒரு அம்மா அவரிடம் மிளகாய்ச் செடியின் இலை சுருண்டதைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றவன் வாய் தவறி, "இலைக்கு அடியில பேன் இருக்கும், திருப்பிப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். திருப்பிப் பார்த்தார்கள். இருந்தது. கீறல் பார்த்துப் பழகிய கண் அது, வேறொன்றுமில்லை.

"அண்ணா, நீங்க டாக்டரா இருந்துக்கினு சும்மாவா நின்னீங்க இத்தினி நாளா?" என்று முனிரத்னம்மா சிரித்தார். அன்றிலிருந்து தன்னிடம் நாற்று வாங்குகிறவர்களையெல்லாம் என்னிடம் அனுப்ப ஆரம்பித்தார். "எதுனா கேக்கணும்னா அந்த ராம்நாட் அண்ணனக் கேளுங்க. பேச மாட்டாரு, ஆனா கண்டுபுடிச்சுருவாரு."

அப்படித்தான் லேஅவுட் சங்கத்தின் செயலாளர் மஞ்சுநாத் சார் வாட்ஸ்அப்பில் ஒரு மாடித்தோட்டக் குழு ஆரம்பித்தபோது என்னையும் சேர்த்தார். ஞாயிறு காலைகளில் ஒரு துணிப் பையில் சிறு கத்தி, வேப்பம்புண்ணாக்கு, பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். காசு வாங்குவதில்லை. காப்பி கொடுத்தால் குடிப்பேன். இருபத்திரண்டு வருடம் ஓசூரில் இருந்தும் கிடைக்காத ஒன்று அதில் கிடைத்தது. தெருவில் போகும்போது ஆட்கள் என்னைப் பார்த்துக் கை தூக்கினார்கள்.

3

இங்கே நம் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் என் தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் ஊரை நினைத்து ஏங்குகிறவன் அல்ல. வாயில் வைத்தால் குமட்டும் அந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு வரிசையில் நின்றவன். நல்ல தண்ணீருக்கு அடுத்த ஊருக்குக் குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவன். பாத்திரம் கழுவிய தண்ணீரை நான் ஒருமுறை வாசலில் கொட்டிவிட்டேன் என்பதற்காக அம்மா கூட்டுகிற வாரியலால் அடித்தது முதுகில் இன்னும் இருக்கிறது. குளித்த தண்ணீர் முருங்கைக்கு, அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, துணி அலசிய தண்ணீர் வாசல் தெளிக்க. உப்புத் தண்ணீரில்தான் கத்திரியும் காய்த்தது, பூசணியும் படர்ந்தது. தண்ணீரில் நல்லது கெட்டது என்று பார்க்கிற வசதி நமக்கு இருந்ததில்லை.

ஓசூரில் முதன்முதலாக மஞ்சுநாத் சார் வீட்டுச் சமையலறையில் ஆர்.ஓ. மிஷினைப் பார்த்தேன். இங்கே போர்வெல் தண்ணீர் கடுசு, சோப்பு நுரைக்காது. கோடையில் அதுவும் இல்லாமல் லாரித் தண்ணீர். எல்லா வீட்டிலும் அந்த மிஷின் உண்டு, பிறகு எங்கள் வீட்டுக்கும் வந்தது. குடிக்க ஒரு குடம் சுத்தமாக வருவதற்குள், அதன் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் குழாய் வழியாகத் தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கண்ணாடி போன்ற தண்ணீர். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"சார், இதுல ஒரு பக்கெட் வைங்க. செடிக்கு ஊத்தலாம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. மஞ்சுநாத் சார் அதைக் குழுவில் போட்டார். ஒரு வாரத்தில் எல்லா வீட்டுக் குழாய்க்கு அடியிலும் பக்கெட் வந்துவிட்டது. எனக்குப் பக்கெட் அண்ணன் என்று பெயரும் வந்தது. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் கோடையில் மாடிச் செடிகள் வாடாமல் நின்றன. முதல் வருடமும் இரண்டாம் வருடமும் மழை நன்றாகப் பெய்தது. தக்காளி காய்த்தது. அவரை காய்த்தது. படம் எடுத்து எடுத்துப் போட்டார்கள். தினேஷ் கூட ஒரு முறை, "அப்பா, என் ரூம்மேட் அம்மா உங்க குரூப்ல இருக்காங்களாம்பா" என்றான். அவன் அப்படிச் சொன்ன தொனியை நான் வெகு நாள் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

4

அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. ஆரம்பத்திலேயே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மண், நீர் பரிசோதிக்கும் ஓர் அலுவலகத்துக்குப் போனேன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பாதிக்கு மேல் என்னால் நிரப்ப முடியவில்லை.

"சர்வே நம்பர் எழுதலையே?" என்றார்.

"மாடித் தோட்டம் சார்."

"மாடின்னாலும் கீழ நெலம் இருக்கும்ல. அதோட நம்பர்."

"வாடகை வீடு சார்."

"அப்ப வீட்டுக்காரர்கிட்ட பட்டா நகல் வாங்கிட்டு வாங்க. பயிர் என்ன, எத்தினி ஏக்கர்?"

"பதினெட்டுப் பை சார். கத்திரி, தக்காளி, மல்லி…"

அவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். என்னைக் கேலி செய்யவில்லை, நிஜமாகவே தேடினார். "பைக்குக் கட்டம் இல்லீங்களே" என்றார். பிறகு ஆதார் அட்டையைக் கேட்டார். அதில் கமுதி முகவரி இருந்தது. "இது ராமநாதபுரம் மாவட்டமில்ல? அங்கதானே நீங்க குடுக்கணும்?"

பின்னால் நின்ற விவசாயிகள் நகரச் சொன்னார்கள். நகர்ந்துவிட்டேன். இன்னொரு முறை போய், மேலதிகாரியைக் கேட்டிருந்தால் நடந்திருக்கும். தனியார் ஆய்வுக்கூடத்தில் கொடுத்திருக்கலாம். யாரிடமும் போய் நின்று கேட்க எனக்குக் கூச்சம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கொட்ட மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்து கத்திரிச் செடிக்கே ஊற்றினேன்.

5

இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. வெயிலுக்கு எல்லோரும் மாடியில் வலையும் தகரமும் போட்டார்கள். பெய்த கொஞ்சம் தூறலும் பைக்குள் இறங்கவில்லை. மாசி பிறந்ததும் படங்கள் வர ஆரம்பித்தன. இலை நுனி காய்கிறது. ஓரம் தீய்ந்த மாதிரி சுருள்கிறது. பிஞ்சு உதிர்கிறது. ஒரு வீடு, இரண்டு வீடு என்று இருந்தது முப்பது வீடாயிற்று. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு பக்கெட் அதிகமாக ஊற்றச் சொன்னேன்.

முனிரத்னம்மா ஒரு வீட்டுக்கு மூட்டை கொண்டுபோன இடத்தில் அந்தப் பைகளைப் பார்த்திருக்கிறார். நான் போனபோது சொன்னார்.

"அண்ணா, பை மேல வெள்ளையா பூத்துக்கினு கீதே, பாத்தீங்களா? எனக்கென்னமோ அந்த மிஷின் தண்ணி மேலதான் சந்தேகம்."

"எங்க ஊர்ல உப்புத் தண்ணியிலதாம்மா எல்லாமே வெளஞ்சுச்சு" என்றேன்.

"உங்க ஊர்ல பையிலயா நட்டீங்க?"

எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு அவர் சொல்லிக்கொடுப்பதா என்று ஒரு நினைப்பு. மூன்று வருடத்தில் எனக்கு அந்த நினைப்பு வந்திருந்தது.

அன்று சாயந்திரம் குழுவில் மஞ்சுநாத் சார் நேராகவே கேட்டார். அண்ணா, எல்லாப் பையிலும் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதே, என்ன காரணம்?

அது உப்பு என்று எனக்குத் தெரியும். உப்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தேன். தேங்காய் நார்த்தூளைச் சரியாகக் கழுவாமல் கலந்தால் உப்பு நிற்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். "உப்புங்க சார். நார்த்தூளைக் கழுவாமக் கலந்திருக்கலாம். மண் கலவையில கோளாறு இருக்கலாம்."

இருக்கலாம் என்றுதான் இரண்டு முறையும் சொன்னேன். போனைக் கீழே வைப்பதற்குள் அது மாறிவிட்டது. 'அண்ணனே சொல்லிட்டாரு' என்று ஒருவர் எழுதினார். 'அந்தம்மா மூட்டையை இனி வாங்காதீங்க' என்று இன்னொருவர். முனிரத்னம்மாவின் பந்தலைப் படம் எடுத்து அதன் மேல் சிவப்பில் குறுக்குக்கோடு போட்டு ஒருவர் அனுப்பினார். மற்ற லேஅவுட் குழுக்களுக்கும் அது போயிற்று. வேலையிடத்தில் ஒருவர், "உங்க ஏரியால ஒரு நர்சரி ஏமாத்துதாமே" என்று என்னிடமே கேட்டார்.

நான் குழுவில் வேறு எதுவும் எழுதவில்லை. நாலு நாளில் அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

6

பங்குனியில் எங்கள் வீட்டு மிஷினுக்கு ஃபில்டர் மாற்ற மெக்கானிக் வந்தார். நாற்பது வயதிருக்கும், பர்கூர்க்காரர். உப்பை அளக்கும் பேனா போன்ற ஒரு கருவியை முதலில் குடிக்கிற தண்ணீரில் வைத்துப் பார்த்தார். பிறகு விளையாட்டாகப் பக்கெட்டிலும் வைத்தார்.

"சார், இது எதுக்குப் புடிச்சு வெச்சிருக்கீங்க?"

"செடிக்கு."

அவர் கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டாயிரத்துக்கு மேல் ஏதோ ஓர் எண். "போர் தண்ணில இருக்கற உப்பெல்லாம் எங்க போவும்னு நெனச்சீங்க? நல்லத உங்களுக்குக் குடுத்துட்டு, மிச்ச உப்பெல்லாம் இதுல வந்துரும். பாத்ரூம் கழுவ வெச்சுக்கங்க. பையில ஊத்துனா அங்கயே தங்கிப்போவும் சார்."

அவர் போன பிறகு மாடிக்குப் போனேன். ஒவ்வொரு பையிலும் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். நம் ஊர்க் கிணற்றுச் சுவரைச் சிறு பிள்ளையில் நக்கிப் பார்த்தது போலக் கரித்தது. ஊரில் திறந்த நிலம். மழை வந்தால் உப்பை அடித்துக்கொண்டு கீழே போய்விடும். பைக்குள் அது போக இடமில்லை. முதல் இரண்டு வருடம் மழை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை, நான் அதை என் கைராசி என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தினேஷிடம் சொன்னேன்.

"ஒரு மெசேஜ் போட்டுட்டாப் போச்சு. தண்ணியக் கலந்து ஊத்துங்கன்னு மட்டும் போடுங்க. உங்க மேல தப்புன்னு எதுக்குப் போடணும்?" என்றான்.

"அந்தம்மா பேரு கெட்டுப் போச்சேடா."

"அதெல்லாம் ஜனங்க மறந்துருவாங்கப்பா. அடுத்த வாரம் ஃபங்ஷன் வேற இருக்கு. உங்களுக்குத்தான் சால்வை போடறாங்களாம். சும்மா இருங்க."

சங்கத்தின் ஆண்டு விழா அடுத்த ஞாயிறு. மூன்று வருடம் இலவசமாக ஆலோசனை சொன்னதற்கு எனக்குப் பொன்னாடை. தினேஷ் பஸ் ஏறிய பிறகு பஞ்சவர்ணம், "அந்தப் பொம்பளைக்கிட்டயாவது போயிச் சொல்லிட்டு வாங்க. அவ மூஞ்சிய எப்படிப் பாப்பீக அப்பறம்?" என்றாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து போனேன். வலைக்குள் நாற்றெல்லாம் தட்டு மீறி வளர்ந்து நின்றது. வாங்க ஆள் இல்லாவிட்டால் நாற்று அப்படித்தான் நெட்டையாகிவிடும். முனிரத்னம்மா ஒரு டிரம்மில் நார்த்தூளைப் போட்டுக் கையால் அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"வாங்கணா. மூணு தண்ணி. எப்பவும் மூணு தண்ணி ஊத்தித்தான் அலசறேன். லாரித் தண்ணி, நல்ல தண்ணி. யாராச்சும் வந்து பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பக்கெட் தண்ணீர்தான், என் தப்புதான் என்று. அவர் கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"சரி. இத எங்கிட்ட சொல்லி இன்னாணா ஆகப்போவுது? எனக்குத் தெரியாததா? அங்க சொல்லுங்க. எந்த வாயால சொன்னீங்களோ அதே வாயால."

"சொல்றேம்மா."

"வெரசா சொல்லுங்க. எடத்துக்காரரு வேற ஆளுக்கு வுடப் போறாரு. இந்த மாசம் வரைக்கும்தான். போன வருசம் ஃபங்ஷன்ல எனக்கு ஒரு மேஜ போட்டுக் குடுத்தாங்க, வந்த நாத்தெல்லாம் ஒரே நாள்ல போச்சு. இந்த வருசம் வராதன்னுட்டாங்க. நீங்க சொல்லி, நாலு பேரு திரும்பி வந்தாங்கன்னா அவர்கிட்ட நான் பேசிப் பாப்பேன். இல்லன்னா அந்தப் பக்கம் ரோஜா வளக்கற கொட்டகைல கூலிக்குக் கூப்புடறாங்க. போவேண்டியதுதான்."

மாதம் முடிய எட்டு நாள் இருந்தது. அன்றைக்கே குழுவில் சொல்லியிருக்க வேண்டும். விழாவில் எல்லோர் முன்னாலும் சொன்னால் அவருக்கு இன்னும் நல்லது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் தள்ளிப்போடுவதற்கு அது வசதியாக இருந்தது.

7

விழா பார்க்கில் நடந்தது. பிள்ளைகள் நடனம், அப்புறம் பெண்களுக்கான கோலப் பரிசு, அப்புறம் நான். மஞ்சுநாத் சார் பாதிக் கன்னடத்திலும் பாதித் தமிழிலும் என்னைப் பற்றிப் பேசினார். எங்கிருந்தோ வந்த மனிதர், வாங்காமல் கொடுப்பவர், தண்ணீரின் அருமை தெரிந்த ஊர்க்காரர் என்றார். சால்வையைப் போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். சால்வை அதை மூடியிருந்தது. அதை விலக்கி எடுப்பது மரியாதை இல்லையோ என்று விட்டுவிட்டேன். முன் வரிசையில் தினேஷ் என் படத்தை எடுத்துக்கொண்டிருந்தான்.

"செடியெல்லாம் போனதுக்கு நான்தான் காரணம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மைக்கைக் கிட்டே வைக்கச் சொன்னார்கள். மறுபடி சொன்னேன். "என் தப்புதான். முனிரத்னம்மா மேல ஒரு தப்பும் இல்ல. அவங்ககிட்ட எல்லாரும் வாங்கணும்."

அதோடு மைக்கை இறக்கிவிட்டேன். பக்கெட் தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதே அதுதான். மஞ்சுநாத் சார் நல்ல மனதோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"பாருங்க, பாருங்க. அந்தம்மா பொழப்பு போயிடுமேன்னு அடுத்தவங்க தப்பயும் தன் மேல போட்டுக்கறாரு நம்ம அண்ணா. இந்த மனசு யாருக்கு வரும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். நம் ஆட்கள் மேடையில், எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் என் குறைதான் என்று சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள் இல்லையா. நான் சொன்னதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கையை ஆட்டி மறுத்துப் பார்த்தேன். அதற்கும் தட்டினார்கள். அடுத்த நிகழ்ச்சிக்குப் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

கீழே வந்ததும் இரண்டு பேர் கைகுலுக்கினார்கள். ஓர் அம்மா, "நீங்க இவ்ளோ நல்லவரா இருக்கறதாலதான் அந்த மாதிரி ஆளுங்க ஏமாத்தறாங்க" என்றார். பஞ்சவர்ணம் சால்வையை வாங்கி நாலாக மடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. பொழுது சாயும் முன்பே போனை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். சொந்த வார்த்தையில், கூட்டாமல் குறைக்காமல். ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியே போகும் தண்ணீரில் உப்பு அதிகம். அதைப் பைகளுக்கு ஊற்றச் சொன்னது நான். சோதிக்காமல் சொன்னேன். செடிகள் கருகியது அதனால்தான். முனிரத்னம்மா என்னை அப்போதே எச்சரித்தார், நான் கேட்கவில்லை. அவருடைய கலவையில் குற்றமில்லை, மூன்று தண்ணீரில் அலசிய நார்த்தூளை நானே பார்த்தேன். பைகளில் நல்ல தண்ணீரை அடியில் வழியும் வரை இரண்டு மூன்று முறை விட்டால் உப்பு இறங்கும். அவருடைய படத்தைப் பரப்பியவர்கள் இதையும் பரப்புங்கள்.

அனுப்புவதற்கு முன் தினேஷ் வாங்கிப் படித்தான். "இவ்ளோ வேணுமாப்பா?" என்றான். "வேணும்" என்றேன். அவன் இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு, தானே அனுப்பிக் கொடுத்தான். அதைக் கன்னடத்திலும் எழுதிப் போடு என்று கேட்டேன். போட்டான். அவன் என் வேலையில் கைகொடுத்தது அது ஒரு முறைதான். பிறகு பெங்களூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான்.

8

மறுநாள் திங்கள்கிழமை. காலை ஷிப்ட். இடைவேளையில் போனைப் பார்த்தேன். பதினேழு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். மஞ்சுநாத் சார், 'பரவால்ல அண்ணா, எல்லாருக்கும் ஆகறதுதான்' என்று போட்டிருந்தார். ஒருவர் குழுவை விட்டு விலகியிருந்தார். அதற்குக் கீழே ஓர் அம்மா கறிவேப்பிலையில் வெள்ளைப் பூச்சிக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார். முனிரத்னம்மாவின் பெயரை யாரும் எழுதவில்லை.

ஷிப்ட் விட்டதும் பந்தலுக்குப் போனேன். மாதம் முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. வலையைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தார்கள். இரண்டு ஆட்கள் டீக்கடைக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா எங்கே என்று கேட்டேன். இன்று காலையிலிருந்து ரோஜாக் கொட்டகைக்கு வேனில் போகிறார் என்றார்கள். நாற்றுகள் எங்கே என்று கேட்டேன். நேற்று சாயந்திரமே மாட்டுக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.